“அதுவும் கிட்னி பவுடர்தானுங்க”

வணக்கம் நண்பர்களே. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் அதே திண்ணையில்தான் அமர்ந்திருக்கிறேன். வழக்கமாகத் தேநீர்க் குவளை இருக்கும் இடத்தில் இன்று ஒரு பவுடர் டப்பா இருக்கிறது. அதன் மூடியைச் சுற்றி மூன்று சுற்று ஒட்டுநாடா போட்டு வைத்திருக்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து நேற்று மாலை வந்த தொலைபேசி அழைப்பால் ஏற்பட்ட எரிச்சல் இன்னும் ஆறவில்லை, ஆகவே இந்தக் காணொளி.

அம்மாவுக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருப்பதும், இன்னும் டயாலிசிஸ் நிலைக்குப் போகவில்லை என்பதும் பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மருத்துவர் எழுதிக் கொடுத்தது, டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கான புரதம் குறைந்த பவுடர். பொள்ளாச்சி மருந்துக்கடையில் என் பையில் வைத்துக் கொடுத்ததோ, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான புரதம் மிகுந்த பவுடர். நான்காம் நாள் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து லேபிளைப் படித்தபோதுதான் தெரிந்தது. (ஆம், நீங்கள் கேலி செய்யும் அதே கண்ணாடிதான்.) திரும்பப் போய்க் கேட்டதற்கு, “டாக்டர் எழுதுனது ஸ்டாக் இல்லீங்க அம்மிணி, அதுவும் கிட்னி பவுடர்தானுங்க” என்றார்கள்.

டயாலிசிஸ் தொடங்காத, நீரிழிவும் உள்ள சிறுநீரக நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் போதும் என்று கட்டுப்படுத்துகிறார்கள்; டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படுகிறது. அம்மாவின் எடை 50 கிலோ. அப்படியானால் ஒருவருக்கு நாளுக்கு 30 முதல் 40 கிராம், மற்றவருக்கு 50 முதல் 60 கிராம். இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரண்டு பொருள்களை ஒரே பெயரில் அழைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சென்ற காணொளியின் கீழ் பலர் மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளரிடம் போகச் சொன்னீர்கள். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆம் விதி, மருத்துவச் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்து எழுதப்பட்ட சீட்டுக்கு வேறொன்றை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பவுடர் சட்டத்தின் கண்ணில் மருந்தே அல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி இது சிறப்பு மருத்துவத் தேவைக்கான உணவு. அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே எந்த மருந்துக்கு எது ஈடு என்று சொல்லும் ஆரஞ்சு புத்தகம் அனுமதி பெற்ற மருந்துகளுக்கு மட்டுமே உரியது. மருத்துவ உணவுகளுக்கு அதில் இடமில்லை.

மருந்துக் கதவு மூடியிருந்தாலும் உணவுக் கதவு திறந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, வாங்குபவர் கேட்ட தன்மையிலோ தரத்திலோ இல்லாத உணவை அவருக்குப் பாதகமாக விற்றவருக்கு அபராதம் விதிக்கலாம். கடை தமிழ்நாட்டில் இருப்பதால் அந்தப் புகார் அங்குள்ள உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத்தான் போக வேண்டும். அபராதப் பணம் நம் கைக்கு வராது. 65ஆம் பிரிவில் இழப்பீடு உண்டு என்றாலும், அது உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் மட்டுமே. நான்கே நாளில் நிறுத்திவிட்டதால், நல்லவேளையாக, எனக்கு அது பொருந்தாது.

எனக்குப் பொருந்துவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நம்மைப் போல் எல்லையில் குடியிருந்து அந்தப் பக்கம் கடைக்குப் போகிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின்படி, கடைக்காரர் இருக்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஆகவே பொள்ளாச்சிக் கடைமீது நான் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க முடியும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகள் அவகாசமும் உண்டு.

இனி பில் கதைக்கு வருகிறேன். டப்பாவின் விலை 860 ரூபாய். கையில் கிடைத்ததோ, “கிட்னி பவுடர் – 1” என்று கிறுக்கிய துண்டுத்தாள். கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை, தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இல்லை. முறையான பில்லுக்காகக் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டி மூன்று முறை பேருந்தில் போனேன். முதல் முறை கணினி பழுது என்றார்கள். இரண்டாம் முறை முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். மூன்றாம் முறை, பில் வேண்டாமென்றால் 30 ரூபாய் திருப்பித் தருவதாகப் பேரம் பேசினார்கள். எனக்கு அந்த 30 ரூபாயைக் கேட்டதும்தான் கோபம் தலைக்கேறியது. பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம் என்று அதே 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை எடுத்துச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் கணினி உயிர்பெற்றது! இதோ அந்தப் பில். இதிலுள்ள தொகுதி எண்ணும் டப்பாவின் அடியிலுள்ள எண்ணும் ஒன்றே. அன்று இரவு இதை அம்மாவிடம் மூன்று முறை காட்டினேன்.

முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை மறந்துவிட்டேன். பில்லுக்கு அலைவதற்கு முன்பே மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிவிட்டேன். இரண்டு பவுடர்களின் புரத அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒன்றுக்கு மற்றொன்று ஏன் மாற்றாகாது என்று நான்கு வரியில் விளக்கியிருக்கிறார். அதிகாரபூர்வமான ஈட்டுப் பட்டியலைக் காட்ட வழியில்லாத இடத்தில், என் பேச்சைவிட அந்த நான்கு வரிக்குத்தான் மதிப்பு. டப்பாவிலேயே மருத்துவ ஆலோசனையின் பேரில் மட்டும் பயன்படுத்தப் பரிந்துரைக்கப்படுகிறது என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றின் நகலையும் இணைத்து, பதினைந்து நாள் கெடு வைத்து, ஸ்பீட் போஸ்டில் கடைக்கு அறிவிப்பு அனுப்பினேன். நேற்றைய அழைப்பு அதற்குத்தான். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தந்துவிடுவதாக முதலாளி சொன்னார். டப்பா என் சான்று, அதைக் கொடுக்க மாட்டேன், சொல்வதை எழுத்தில் அனுப்புங்கள் என்றேன், இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

கெடு வரும் வியாழக்கிழமை முடிகிறது. ஒட்டுநாடா எதற்கு என்று கேட்பீர்கள். 860 ரூபாய்ப் பொருள் வீணாகிறதே என்று, நேற்றிரவு அம்மா இதை மறுபடியும் பாலில் கலக்கப் பார்த்தார்.