மேசை விளிம்பைப் பிடித்தபடி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருநாள் 13 மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் என்னிடம் வந்தார். "டாக்டர், என் நாத்தனார் குழந்தை பதினோராம் மாதமே நடந்துவிட்டாள். இவன் இன்னும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான்" என்றார். சொல்லும்போதே குரல் கம்மியது. குழந்தைகள் நல மருத்துவரான எனக்கு இந்தக் கவலை பழக்கமானது. வாரத்துக்கு ஒருமுறையாவது அது என் அறைக்குள் வந்துவிடும்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் அந்தச் சிறுவனைக் கவனித்துக்கொண்டிருந்தேன். என் மேசையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றியபடி நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்தான். மூலை வந்ததும் நின்றான். எதிரே நாற்காலியில் என் ஸ்டெதஸ்கோப் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையை விட்டான். உடல் லேசாக ஆடியது. மற்றொரு கையின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பிறகு என்ன நினைத்தானோ, மறுபடி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். கால் தசை, இடுப்பின் சமநிலை, காதுக்குள்ளே உடல் சாய்வதை உணரும் உறுப்பு, கண், ஆசை, அச்சம் எல்லாம் அந்த ஒரு நொடியில் கூடிக் கலந்து பேசின. நடை அவனுக்குள் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அம்மாவுக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. தனியாக நடக்கத் தொடங்கிய வயது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை விரிந்து கிடந்தது. எல்லோரும் நலமாக இருந்த குழந்தைகள். 100-க்கு 4 பேர் தவழவே இல்லை, நேராக எழுந்து நின்றுவிட்டார்கள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தை வளரும் படிகளுக்குச் செங்கீரை, சப்பாணி, வருகை என்று பெயர் வைத்தார்கள். அவற்றைக் குறிக்கப் பருவம் என்ற சொல்லைத்தான் தேர்ந்தார்கள். பருவம் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போய்விடுவதில்லை. நாம்தான் அதைத் தேதியாகச் சுருக்கிவிட்டோம்.

அதற்காகக் கவலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 18 மாதம் ஆகியும் தனியாக நடக்காத குழந்தையை, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பார்க்காத குழந்தையை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வந்த திறன் பின்வாங்கினால், அதாவது பேசிய சொற்களை மறந்தால், உட்கார்ந்த குழந்தை உட்கார முடியாமல் போனால், எந்த வயதானாலும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு கவலை, சாப்பாடு. பிறக்கும்போது சுமார் 3 கிலோ இருக்கும் குழந்தை ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்காகிறது, ஓராண்டில் மூன்று மடங்காகிறது. 50 சென்டிமீட்டர் நீளம் 75 ஆகிறது. பிறந்த பிறகு இந்த வேகம் வாழ்வில் மறுபடி வருவதே இல்லை. இரண்டாம் ஆண்டில் வளர்ச்சி பாதியாகக் குறையும். தேவை குறைவதால் பசியும் குறையும். சரியாக அந்த வயதில்தான் வீடு வீடாகக் கிண்ணத்தோடு துரத்தல் தொடங்குகிறது. வாயை இறுக மூடிக்கொள்ளும் அந்தக் குழந்தை தன் உடல் சொல்வதைக் கேட்கிறது. அதன் எடை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால், கிண்ணத்தைக் கீழே வையுங்கள்.

பள்ளிப் பருவம் ஓரளவு அமைதியாகக் கழியும். பிறகு வருகிறது விடலைப் பருவம். இந்த வயதினர் மீது எனக்குத் தனிப் பரிவு உண்டு. முதலில் கைகளும் பாதங்களும் நீளும், உடம்பு பின்னால் வரும். நேற்றுவரை சரியாக வைத்த டம்ளர் இன்று கை தட்டி விழுகிறது. "கண் எங்கே இருக்கிறது?" என்று திட்டு விழுகிறது. பெண் பிள்ளைகள் சராசரியாக ஆண் பிள்ளைகளை விட இரண்டு ஆண்டு முன்னதாக உயர்வதால், ஒரே வகுப்பில் இருவருக்குமே கூச்சம். உடலின் உறக்கக் கடிகாரமும் இந்த வயதில் தாமதமாக ஓடத் தொடங்குகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வராததும் ஆறு மணிக்கு எழ முடியாததும் சோம்பல் என்று பெயர் வாங்குகின்றன. விளைவுகளை எடைபோட்டு மனத்தை அடக்கும் மூளையின் முன்பகுதி முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயது ஆகும். அதுவரை பெரியவர்களின் பொறுமைதான் அவர்களுக்குக் கைப்பிடி.

நாற்பதைத் தாண்டினால் கண்வில்லை இறுகி வெள்ளெழுத்து வருகிறது. தசை மெல்லக் குறைகிறது. ஆனால் சொல்வளம் அறுபதை ஒட்டியும் பெருகுகிறது.

"வயதாகிவிட்டது, இனி என்ன இருக்கிறது?" என்று பேரப்பிள்ளையோடு வரும் தாத்தா பாட்டிகள் என்னிடம் சொல்வார்கள். அவர்களுக்கு நான் ஓர் ஆய்வைச் சொல்வது வழக்கம். 1990-இல் அமெரிக்காவில் வெளியானது. முதியோர் இல்லமொன்றில் இருந்த, சராசரி வயது 90 ஆன 10 பேருக்கு, மருத்துவர்களின் மேற்பார்வையில் கால்களால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மொத்தம் 8 வாரம். முடிவில், பயிற்சியை நிறைவு செய்த 9 பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நடக்கும் வேகமும் கூடியது. அவர்களில் இரண்டு பேர், அதுவரை ஊன்றி நடந்த கைத்தடியை விட்டுவிட்டார்கள்.

அந்தச் சிறுவன் மூன்று வாரம் கழித்து வந்தான். வாசலில் அம்மாவின் விரலை உதறிவிட்டு, கைகளை இருபுறமும் விரித்துக்கொண்டு, நேராக ஸ்டெதஸ்கோப்பை நோக்கி நடந்தான்.

வணக்கம்.