ஊர் ஓடுகிறது, நாமும் ஓடுகிறோம்

(பெற்றோர் ஆசிரியர் கழக ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர், ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, என் தகுதிக்கு மேல் என்னைப் புகழ்ந்து வரவேற்ற கழகச் செயலாளர் அவர்களே, எனக்கு முன் பேசி, நான் பேச வந்ததில் பாதியைப் பேசி முடித்துவிட்ட முதல்வர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் கல்வித்துறை அதிகாரிகளே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். நீதியரசர் முன்னிலையில் சாட்சி இல்லாமல் பேசக் கூடாது என்பதால், சாட்சிகளோடு வந்திருக்கிறேன்.

கல்லூரி அனுமதி என்றதும் பெற்றோர்களுக்கு ஏன் தூக்கம் போய்விடுகிறது? மூன்று காரணங்களைச் சொல்லப் போகிறேன். ஒன்று பயம், இரண்டு பெருமை, மூன்று நிறைவேறாமல் போன நம் சொந்த ஆசை.

"ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு" என்பார்கள். இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் எந்த மேடையை விட்டும் இறங்கியதில்லை என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. செய்யட்டும். கல்லூரி விஷயத்தில் ஊர் ஓடுகிறது என்று நாம் ஓடுகிறோம். நாம் ஓடுவதைப் பார்த்து ஊர் ஓடுகிறது. யாரும் யாரையும் கேட்கவில்லை.

பயத்துக்குச் சாட்சி: கலிபோர்னியாவில் கேரி ரேமி, வேலரி ரேமி என்ற பொருளாதாரப் பேராசிரியர்கள் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பு படித்த தாய்மார்கள் பிள்ளைகளுக்காகச் செலவிடும் நேரம் 1990களின் நடுவிலிருந்து மளமளவென்று கூடி, முன்பைவிட வாரத்துக்கு 9 மணி நேரத்துக்கு மேல் அதிகமாகிவிட்டது. பாசம் திடீரென்று பொங்கியதா? இல்லை. நல்ல கல்லூரி இடங்களுக்குப் போட்டி முற்றியதுதான் காரணம் என்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கனடா. அங்கே பல்கலைக்கழகங்களுக்குள் ஏற்றத்தாழ்வு குறைவு, போட்டியும் குறைவு. படித்த தாய்மார்களின் நேரம் அப்படி ஏறவில்லை. கனடாத் தாய்க்குப் பிள்ளை மேல் பாசம் இல்லை என்று யார் சொல்வார்கள்?

தென்கொரியாவில் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் கேட்டு விடை எழுதும் பகுதி நடக்கும் நேரத்தில் விமானங்கள் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. பிள்ளைகளுக்காக வானமே வாயைப் பொத்திக்கொள்கிறது!

பிரெட் ஹிர்ஷ் என்ற பொருளியலாளர் 1976இலேயே சொன்னார்: கூட்டத்தில் எல்லோரும் நுனிக்காலில் நின்றால் யாருக்கும் கூடுதலாக எதுவும் தெரியப்போவதில்லை. கால் வலிதான் மிச்சம்.

இந்த ஓட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கதை. கதையல்ல, நீதிமன்ற ஆவணங்களில் உள்ளது, நீதியரசர் ரசிப்பார். அமெரிக்காவில் ரிக் சிங்கர் என்று ஒரு கல்லூரி அனுமதி ஆலோசகர். கல்லூரிக்குள் நுழைய முன்வாசல் உண்டு, பல கோடி நன்கொடை கொடுத்தால் பின்வாசலும் உண்டு, நான் உங்களுக்குப் பக்கவாசலைத் திறந்துவிடுகிறேன் என்பது அவருடைய வியாபாரம். அவரிடம் ஒரு தொழிலதிபர் போகிறார். மகனை நீர்ப்பந்தாட்ட வீரன் என்று காட்டினால் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு இடம் கிடைக்கும். பையனோ அந்த விளையாட்டை விளையாடுகிறவனே அல்ல. அப்பா என்ன செய்தார்? இணையத்தில் பந்தும் தொப்பியும் வாங்கினார். சொந்த வீட்டு நீச்சல் குளத்தில் மகனை இறக்கினார். கையில் பந்தைக் கொடுத்துப் படம் எடுத்தார். படத்தைச் செப்பனிட ஒரு கணினி ஓவியரையும் பிடித்தார். படம் ஆலோசகருக்குப் போனது. அவர் சொன்ன குறை என்ன தெரியுமா? பையன் தண்ணீருக்கு மேல் ரொம்ப உயரமாகத் தெரிகிறான், இவ்வளவு உயரம் யாரும் எழும்புவதில்லை! உடனே படத்தில் பையனைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார்கள். பிள்ளை முன்னுக்கு வர வேண்டும் என்று பிள்ளையையே முக்கிய அப்பா! இரண்டரை லட்சம் டாலர் கைமாறியது. 2019இல் எல்லாம் வெளிவந்தது. அப்பாவுக்கு 4 மாதச் சிறை, ஆலோசகருக்கு மூன்றரை ஆண்டு. ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு என்றார்களே, அந்த ஆலோசகரிடம் போனவர்கள் கேட்டார்களா?

இந்த அப்பா ஏழையல்ல. அந்தப் பையன் எங்கே படித்தாலும் பட்டினி கிடக்கப்போவதில்லை. பிறகு ஏன்? இங்கேதான் இரண்டாவது காரணம். பதினெட்டு ஆண்டு பிள்ளை வளர்க்கிறோம். நன்றாக வளர்த்தோமா, இல்லையா என்று யாரும் நமக்கு மதிப்பெண் போடுவதில்லை. கல்லூரி அனுமதிக் கடிதம் ஒன்றுதான் பெற்றோருக்கு வரும் மதிப்பெண் பட்டியல். பிள்ளை பெயருக்கு வந்தாலும் அதைப் பிரித்துப் படிக்கும்போது நம் கைதான் நடுங்குகிறது.

மூன்றாவது காரணத்துக்கு வருவதற்கு முன், என் பழைய கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ஆமாம், குலுக்கல்தான். செயலாளர் சிரிக்கிறார். அடிப்படைத் தகுதியை நிர்ணயியுங்கள். அதைத் தாண்டியவர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு இடம் கொடுங்கள். அரை மதிப்பெண்ணில் உள்ளே போனவனுக்கும் வெளியே நின்றவனுக்கும் அறிவில் என்ன வேற்றுமை கண்டீர்கள்? ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லும், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படியுங்கள். வயது, நிலம், கல்வி என்று முதலில் தகுதி. பிறகு குடத்துக்குள் ஓலை. எடுப்பது ஒரு சிறுவன்.

நடக்குமா என்பீர்கள். நெதர்லாந்தில் மருத்துவப் படிப்புக்கு 1970களிலிருந்து குலுக்கல் இருந்தது. மதிப்பெண் கூடினால் வாய்ப்பும் கூடும். 1990களில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவிக்கு மூன்று முறையும் சீட்டு விழவில்லை, நாடே கொதித்தது. அவருக்கு நேர்ந்தது அநியாயம்தான், மறுக்கவில்லை. உச்ச மதிப்பெண்காரர்களுக்கு நேரடி இடம் என்று விதியைத் திருத்தினார்கள். 2017இல் குலுக்கலையே கைவிட்டார்கள். 2023இல் மீண்டும் அனுமதித்தார்கள். நேர்முகமும் தன்விவரக் கடிதமும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே மேலே வருகிறார்கள் என்ற கவலை அதற்கு ஒரு காரணம்.

குலுக்கலில் கிடைத்த இடத்தைக் காட்டி எந்த அப்பாவும் மார்தட்ட முடியாது. கிடைக்கவில்லை என்றால் எந்த அம்மாவும் கல்யாண வீட்டுக்குப் போகாமல் ஒளிய வேண்டியதும் இல்லை.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். மூன்றாவது காரணத்தை அடுத்த ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொள்வோம், மறுபடி அழைத்தால். குலுக்கல் கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்று யாரும் கையெழுத்திட வேண்டாம். படித்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்டு, பிறகு போடுங்கள். முதல் கையெழுத்தை முதல்வர் அம்மையார் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நன்றி, வணக்கம்.