ஒட்டு மட்டுமல்ல, வேரையும் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வேதாரண்யம் என்றதும் பலருக்கு உப்பளம் நினைவுக்கு வரும். அந்த ஊர்ப் பழத்தைச் சாப்பிட்டவர்களுக்கு மாந்தோப்பு நினைவுக்கு வரும். உப்பளமும் தோப்பும் பக்கத்துப் பக்கத்தில் எப்படி இருக்கின்றன? மணல் மேட்டில் இறங்கும் மழைநீர், அடியில் கிடக்கும் உப்புநீரைவிட லேசானது. அதன்மேல் மிதந்து நிற்கிறது. தோப்புகள் அந்த நல்ல தண்ணீரில்தான் வாழ்கின்றன. ஆழமாகப் போர் போட்டு ஓயாமல் இறைத்தால், அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அங்கே கரை கடந்தபோது வளர்ந்த மாமரங்கள் வேரோடு சாய்ந்தன. அப்புறம் வைத்த கன்றுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பெரிய மரம் தாங்கும் உப்பை இளங்கன்று தாங்காது.

மண்ணிலுள்ள நீரில் உப்பு கூடினால் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. காலடி ஈரமாகவே இருக்கும், துளிர் மட்டும் வாடும். இது முதல் அடி. அடுத்தது மெதுவாக வரும். சோடியமும் குளோரைடும் தண்ணீரோடு ஏறுகின்றன. தண்ணீர் ஆவியாகிறது, அவை இலையிலேயே தங்கிவிடுகின்றன. அதனால்தான் முதிர்ந்த இலைகளின் நுனி முதலில் கருகி, பிறகு ஓரம் நெடுகப் பரவுகிறது. இதை நோய் என்று நினைத்து மருந்துக்குக் காசைக் கொட்டுகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. வாழையில் இன்னொரு சங்கடம். வேர் எடுக்கவேண்டிய சாம்பல் சத்துக்குச் சோடியம் குறுக்கே நிற்கிறது, காய் திரளாமல் போகிறது.

உப்பின் அளவைக் காட்டும் மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசி சீமென்ஸுக்கு மேல் போனால் அதை உவர்மண் என்கிறோம். அதாவது, மண்ணிலிருந்து வடித்தெடுத்த நீரில் லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் உப்பு. மாவும் வாழையும் அந்த அளவுக்கு முன்பே துவண்டுவிடும். சப்போட்டா, இலந்தை, தென்னை ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆகவே கன்று வாங்குவதற்கு முன் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

சொட்டுநீர் போட்டிருப்பவர்களுக்கு ஒரு விஷயம். சொட்டு நீர் உப்பை ஈரவட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளி வைத்திருக்கும். லேசான தூறல் அதைக் கரைத்து மறுபடி வேருக்கே கொண்டுவந்து விடும். அதனால் தூறும்போது சொட்டுநீரை நிறுத்தாதீர்கள். நல்ல மழை பெய்து உப்பு கீழே இறங்கிய பிறகு நிறுத்தலாம். கன்றைச் சுற்றி வைக்கோல், சருகு என்று மூடாக்கு போட்டால், வெயிலில் ஈரம் ஆவியாகி உப்பு மேலே பூப்பதும் குறையும்.

சரி, கன்று வாங்கப் போகிறோம். பங்கனப்பள்ளியா, ருமானியா என்று ஒட்டின் ரகத்தைக் கேட்கிறோம். அந்த ஒட்டைத் தாங்கி அடியிலிருக்கும் வேர்ச்செடி என்ன ரகம் என்று யாரும் கேட்பதில்லை. உப்பை முதலில் சந்திப்பது அந்த வேர்தானே! கேரளத்தின் குருக்கன் மாவின் வேர் உப்பைக் கொஞ்சம் தாங்கும். இஸ்ரேலில் உவர்நிலத்துக்கென்றே 13-1 என்ற வேர்ச்செடியைத் தேர்ந்தெடுத்து மாவை ஒட்டுகிறார்கள். நம் ஊர் நாற்றங்கால்களில் ஏதோ கிடைத்த மாங்கொட்டையை முளைக்க வைத்து ஒட்டுவதுதான் இன்னும் வழக்கம். அடுத்த முறை போகும்போது வேர் என்ன ரகம் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், குருக்கன் வேரில் ஒட்டித் தரச் சொல்லி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வணக்கம்.