பெட்பேன் பிடித்த விஞ்ஞானி
நடுவர் அவர்களுக்கும், பாலம் தாண்டி பினாங்குக்கு வந்திருக்கிற பட்டர்வொர்த் மக்களுக்கும் வணக்கம்.

சாதனைக்குக் காரணம் பெயர் வாங்கியவரா, வேலை பார்த்தவரா? எங்கள் அணி வேலை பார்த்தவர் பக்கம். பூஞ்சையிலிருந்து கிடைக்கும் கிருமிக்கொல்லி மருந்து பென்சிலினை உதாரணமாக எடுத்தோம். எதிரணித் தலைவர் எழுந்தார்: "கண்டது பிளெமிங், மருந்தாக்கியது புளோரியும் செயினும், 1945இல் நோபல் வாங்கியதும் அந்த மூவர். நார்மன் ஹீட்லி யாரய்யா? பெட்பேன், அதான் படுத்த நோயாளிக்கு வைக்கும் மலச்சட்டி, அதைக் கழுவிய ஆள்தானே?" நீங்களும் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலைப் பிடுங்காமல் நான் இறங்கமாட்டேன்.

ஐயா, அவர் கழுவவில்லை. அதில் மருந்து வளர்த்தார்! 1940, ஆக்ஸ்போர்டில் புளோரியின் ஆய்வுக்கூடம். போர்க்காலம், பாத்திரத்துக்கே பஞ்சம். பூஞ்சை திரவத்தின் மேலாகத்தான் படரும். அகலமான, ஆழமில்லாத பாத்திரம் வேண்டும். எதை எதையோ வைத்துப் பார்த்த ஹீட்லிக்கு ஆஸ்பத்திரி பெட்பேன்தான் சரிப்பட்டது. அதே வாகில் பீங்கானில் செய்யச் சொன்னார். அமிலமாக்கி ஈதர் என்ற கரைப்பானுக்குள் இழு, பிறகு லேசான காரத்தண்ணீருக்குத் திருப்பு என்று மருந்தைப் பிரிக்க வழி சொன்னவரும் அவரே.

சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. 1941 பிப்ரவரி. ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர். முகமெல்லாம் சீழ். ஒரு கண்ணையே எடுத்துவிட்டார்கள். பென்சிலின் ஏற்றினார்கள், காய்ச்சல் இறங்கியது, சாப்பிடவும் ஆரம்பித்தார். மருந்தோ தீரப்போகிறது. என்ன செய்தார்கள்? அவர் சிறுநீரைப் பிடித்தார்கள். ஆமாம், சிறுநீர்தான்! சைக்கிளில் ஆய்வுக்கூடத்துக்கு ஓட்டம். அதில் கழிந்த பென்சிலினைப் பிரித்து மறுபடி அவருக்கே ஊசி! தலைவர் மூக்கைப் பிடிக்கிறார், பிடிக்கட்டும். நான் கடன் கொடுத்த ரிங்கிட்கூட இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்ததில்லை!

அப்படியும் போதவில்லை. மார்ச்சில் அவர் இறந்துபோனார்.

ஆக்ஸ்போர்டு ஹீட்லிக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது 1990இல். அது கிடக்கட்டும்.

அதே போரில்தான் ஜப்பான்காரன் நம் மலாயா ரப்பர் தோட்டங்களில் ஆள் பிடித்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட ஏற்றினான். மூங்கில் கீறிய கால் புண்ணாகி, எலும்பு தெரிய அழுகிச் செத்தவர்கள் எத்தனை பேர்! ஒரு சொட்டு பென்சிலின் உண்டா அவர்களுக்கு? என் தாத்தாவின் அண்ணன் போனார், வரவில்லை. செத்தாரா என்று சொல்லவும் ஆள் இல்லை. பெரிய பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. ரயில் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்துவிடுவார்.

தலைவரே, அந்தக் கிழவி இன்று இருந்தால் நானே உங்களைக் கூட்டிப் போவேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், பெட்பேன் கழுவிய ஆள்தானே என்று!

நன்றி, வணக்கம்.