சுருட்டுத் தொழிலாளர்கள் கட்டிய சந்தா

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் டாம்பா என்றொரு நகரம். அதில் ஈபோர் சிட்டி என்ற பகுதி. அங்கே ஏழாவது அவென்யூவில், தூண்கள் வைத்துப் பெரிய வங்கி மாதிரி ஒரு கட்டடம் நிற்கிறது. அது ஒரு தொழிலாளர் உதவிச் சங்கத்தின் கட்டடம். கட்டியவர்கள் இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்து, சுருட்டு ஆலைகளில் வேலை பார்த்தவர்கள். முதலில் கட்டியது தீயில் போய்விட, மறுபடி பணம் திரட்டி 1918இல் இதை முடித்தார்கள்.

சிசிலியில் 1890களின் தொடக்கத்தில் ஏழை விவசாயிகள் ஊர் ஊராகச் சங்கம் அமைத்தார்கள். 1894 ஜனவரியில் இத்தாலிய அரசு ராணுவத்தை இறக்கி அவற்றை நசுக்கியது. அதே ஆண்டில்தான் டாம்பாவில் ‘லூனியோனே இத்தாலியானா’, அதாவது நான் சொன்ன கட்டடத்துக்குச் சொந்தமான இத்தாலியர் சங்கம், தொடங்கியது. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் டாம்பாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சிசிலியின் சான்டோ ஸ்டெஃபானோ, அலெஸாந்திரியா டெல்லா ரோக்கா போன்ற சில ஊர்க்காரர்கள். சங்கம் என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சான்டோ ஸ்டெஃபானோவின் விவசாயித் தலைவர் லொரென்சோ பானெபின்டோவே டாம்பாவில் சில காலம் தங்கியிருந்தார். ஊர் திரும்பியவரை 1911இல் சுட்டுக் கொன்றார்கள். மாஃபியாவின் வேலை என்பார்கள்.

சரி, சங்கம் என்ன செய்தது? உறுப்பினர் மாதச் சந்தா கட்டுவார். காய்ச்சலில் படுத்தால் சங்கத்து மருத்துவர் பார்ப்பார். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. இறந்தால் அடக்கச் செலவும், சங்கத்தின் சொந்தக் கல்லறைத் தோட்டத்தில் இடமும் உண்டு. இதை நம் ஊர்ச் சீட்டு என்று நினைத்துவிடாதீர்கள். சீட்டுப் பணம் எப்படியும் நம் கைக்கு வந்துவிடும். இங்கே கட்டிய பணம் திரும்பி வராமலே போனால் அதுதான் அதிர்ஷ்டம்! அப்படியும் கட்டினார்கள்.

ஸ்பானியர்களும் கியூபர்களும் அங்கே தனித்தனியாக இப்படிச் சங்கம் வைத்திருந்தார்கள். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதிக்காரர்கள் மருத்துவமனையே கட்டினார்கள். சந்தாவுக்கு வைத்தியம் என்பது தனியாகத் தொழில் நடத்திய உள்ளூர் மருத்துவர்களுக்குப் பிடிக்கவில்லை, எதிர்த்தார்கள். ஆலைக்குள்ளும் இதே பழக்கம்தான். சுருட்டு சுற்றும்போது செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படித்துக்காட்ட ஒரு வாசகர் இருப்பார். அவர் சம்பளத்தை முதலாளி தரவில்லை, தொழிலாளர்களே பிரித்துக் கொடுத்தார்கள். 1931இல் முதலாளிகள் வாசகரை நிறுத்திய பிறகு ஆலைக்குள் வானொலி வந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆலையில் வெள்ளைக் கியூபரும் கறுப்புக் கியூபரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சுருட்டு சுற்றினார்கள். மாலையில் சங்கத்துக்குப் போனால் வேறு வேறு கதவு. கறுப்புக் கியூபர்களுக்கு ‘மார்த்தி-மசேயோ’ என்று தனிச் சங்கம். இத்தாலியர்கள் மட்டும் பத்திரமாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1910 வேலைநிறுத்தத்தின்போது இரண்டு இத்தாலியர்களை ஒரு கும்பல் தூக்கில் தொங்கவிட்டது.

அப்புறம் காலம் மாறியது. சுருட்டுத் தொழில் நொடித்தது. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், 1965இல் முதியோர் மருத்துவக் காப்பீடும் வந்தன. சங்கத்தின் வேலையில் பாதியை அரசே எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் புறநகருக்குப் போனார்கள். 1960களில் நகரப் புதுப்பிப்பு என்று ஈபோர் சிட்டியில் வீடுகளை வரிசை வரிசையாக இடித்தார்கள். மார்த்தி-மசேயோவின் பழைய கட்டடமும் அதில் போனது. இத்தாலியர் கட்டடம் தப்பித்தது.

இப்போது அங்கே கல்யாண விருந்து நடக்கிறது. வாடகைப் பணமும் சந்தாவும் கட்டடத்தைப் பராமரிக்கப் பயன்படுகின்றன. கட்டடம் நிற்பது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அங்கே போகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்தத் தூண்களை அல்ல, பழைய சந்தாக் கணக்கை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.