தண்ணிய பாத்துக்கடேன்னு சொன்னா போதுமா? வேலை குடுக்கதுக்கு வேதம் காட்டுத வழி

(திரையில: கோயில் வளாகம், பந்தல், அசனப் பந்தி)

எல்லாருக்கும் தோத்திரம். நம்ம நெல்லைச் சீமையில கிறிஸ்தவக் கோயில் பண்டிகைன்னா அசனம், அதான் ஊருக்கே போடுத பொது விருந்து, இல்லாம முடியாது, ராத்திரியே அடுப்பு மூட்டி, வெங்காயம் உரிச்சி, கறி வெட்டி, விடிய விடிய ஊரே வேலை பாக்கும். ஒரு வருசம் அசனப் பொறுப்பு எங்கிட்ட இருந்துச்சி. ஒரு தம்பியக் கூப்பிட்டு "தண்ணி ஏற்பாட்ட நீ பாத்துக்கடே"ன்னேன். "சரி அண்ணாச்சி"ன்னான். அவன் கேன் தண்ணி சொல்லி, டம்ளர் வாங்கி, குடிக்கதுக்கு எல்லாம் பக்காவா செஞ்சிட்டான். நான் மனசுல வச்சிருந்தது சமையலுக்கும் பாத்திரம் கழுவுததுக்கும் வேண்டிய லாரித் தண்ணி. காலையில அஞ்சு மணிக்கு அரிசி களையத் தண்ணி இல்ல. அத்தனை பேரு முன்னால அவன ஏசிட்டேன். எதுத்து ஒரு வார்த்தை பேசல, கையில இருந்த டம்ளர் கட்ட அப்படியே புடிச்சிக்கிட்டு தலையக் குனிஞ்சி நின்னான். தப்பு நான் சொன்ன அந்த நாலு வார்த்தையில இருந்துச்சி. இன்னைக்கும் நெனச்சா மனசு கஷ்டமாத்தான் இருக்கு, அதனாலதான் இந்த வீடியோ.

(திரையில: மாற்கு 11-ம் அதிகாரம்)

ஆண்டவர் இயேசு எருசலேமுக்குள்ள போறதுக்கு முன்ன, ஒலிவமலை கிட்ட வச்சி ரெண்டு சீஷங்கள அனுப்புதாரு. "ஒரு கழுதை பாத்துட்டு வாங்க"ன்னு சொல்லல. எதுக்க இருக்க கிராமத்துக்குப் போங்க, உள்ள நுழைஞ்ச உடனே ஒரு கழுதைக்குட்டி கட்டிக் கெடக்கும், இதுவரைக்கும் ஒருத்தரும் ஏறாதது, அத அவுத்துக் கொண்டாங்க. எந்த ஊரு, எது, என்ன அடையாளம், என்ன செய்யணும், எல்லாம் ஒரே வசனத்துக்குள்ள வந்துருச்சி. ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுக்கு அடுத்த வசனம். யாராவது ஏன் இப்படிச் செய்யுதியன்னு கேட்டா, "இது ஆண்டவருக்கு வேண்டும்"னு சொல்லுங்க. அதே மாதிரி அங்க நின்னவங்க கேட்டாங்க, இவங்க சொன்னாங்க, அவங்களும் விட்டுட்டாங்க. வேலையோட சேத்து தன் பேரையும் குடுத்து அனுப்புதாரு பாருங்க. நாம வேலைய மட்டும் குடுத்துட்டு பேர நம்ம கையிலயே வச்சிக்கிடுதோம். வாலிபர் சங்கத்துப் பையன் பந்தல்காரர்ட்ட போயி நின்னா "ஒன்ன யாருல அனுப்புனது"ம்பாரு, பையன் திரும்பி வந்துருவான், நாம அவன் எதுக்கும் லாயக்கில்லன்னு முடிவு கட்டிருவோம். இது எத்தனை சபையில நடக்கு!

இஸ்ரவேல் ஜனங்கள நடத்துன மோசே கதை எல்லாருக்கும் தெரியும், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒத்த ஆளா உக்காந்து வழக்கு கேட்டாரு, மாமனார் எத்திரோ பாத்துட்டு "நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்"ன்னாரு. ஆயிரம் பேருக்கு ஒருத்தர், நூறுக்கு, அம்பதுக்கு, பத்துக்குன்னு ஆள் வைக்கச் சொன்னாரு. ஆனா அதுக்கு முன்னாடியே ஜனங்களுக்கு நடக்க வேண்டிய வழியையும் செய்ய வேண்டிய காரியத்தையும் தெரியப்படுத்துன்னாரு, சின்ன வழக்க அவங்களே தீக்கட்டும், பெருசு மட்டும் உங்கிட்ட வரட்டும்னு கோடும் போட்டுக் குடுத்தாரு. அந்தக் கோடு இல்லன்னா ஆளு நூறு பேரு இருந்தாலும் எல்லாரும் நம்ம வாசல்லதான் வந்து நிப்பாங்க.

நம்ம சேகரத்தையே, அதான் பல ஊர் சபை சேந்த வட்டாரத்தையே எடுத்துக்கோங்க. ஒரு ஐயரவாளுக்கு, அதான் போதகருக்கு, கீழ எத்தனை ஊர் சபை, தெனம் ஜெபத்துக்கு மணி அடிச்சி நடத்துதது உபதேசியார்தான. 1820-ல பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்துல ஊர் ஊரா உபதேசியார்மாருக்குப் பயிற்சி குடுத்துத்தான் சபை பரவுச்சி. அப்படிப் பொறுப்பு வாங்கிப் பழகுன சனம்தான் 1903-ல தாங்களே இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சி, தெலுங்கு தேசத்துக்கு ஆள் அனுப்புனாங்க.

(திரையில: அப்போஸ்தலர் 6)

இது அப்படியே அசன விசயம், ஏன்னா இங்கயும் பந்திதான் பிரச்சனை. ஆதி சபையில கிரேக்கம் பேசுத விதவைகளுக்குத் தெனம் குடுக்க சாப்பாடு சரியா கெடைக்கலன்னு முறுமுறுப்பு. அப்போஸ்தலர் யாரையும் ஏசல, நற்சாட்சி உள்ள ஏழு பேரத் தெரிஞ்செடுங்கன்னாங்க. ஏழு பேருமே கிரேக்கப் பேர்க்காரங்க, கவனிச்சீங்களா? குறை எந்தப் பக்கம் இருந்து வந்துச்சோ அந்தப் பக்கத்து ஆளுகள நம்பிப் பொறுப்பு குடுத்த மாதிரிதான் எனக்குத் தெரியுது. சபை முன்னால நிறுத்தி, ஜெபம் பண்ணி, அவங்க மேல கை வச்சிப் பொறுப்பு குடுத்தாங்க. நாம ஃபோன்ல ஒரு மெசேஜ் தட்டி விட்டுருதோம்.

அடுத்த வருசம் அதே தம்பி வீட்டுக்குப் போனேன், மொதல்ல மன்னிப்பு கேட்டேன். பொறவு சொன்னேன்: "சமையலுக்கு ஒரு லாரி, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அடுப்படிக்குப் பக்கத்துல உள்ள தொட்டியில நெறையணும். குடிக்கதுக்கு கேன் தனி. லாரி வரலன்னா எனக்காகக் காத்திருக்க வேண்டாம், ரெண்டாயிரம் ரூவா வரைக்கும் நீயே செலவு பண்ணு, யாரும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு." அப்புறம் "இதுல எங்க சிக்கும்னு நெனைக்க"ன்னு கேட்டேன், அவன் உடனே "பண்டிகை நேரத்துல லாரி லேட்டாகும் அண்ணாச்சி"ன்னான். கமிட்டிக் கூட்டத்துலயும் எல்லாரு முன்னாலயும் அவன் பேரச் சொல்லி தண்ணிக்கு இவன்தான் பொறுப்புன்னேன்.

அந்தச் சனிக்கிழமை லாரி வரவே இல்ல. அவன் பக்கத்துத் தோட்டத்துக்காரர்ட்ட என் பேரச் சொல்லி மோட்டாரப் போட வச்சி, கோயில் சுவத்தத் தாண்டி டியூப் இழுத்து, ஏழு மணிக்கெல்லாம் தொட்டிய நெறச்சிட்டான். எனக்கு மறுநாள் பந்தல் பிரிக்கும்போதுதான் தெரியும்.