தூணில் இருக்கிற தம்பி

(பர்மாவின் யாங்கோன் நகரில் பட்டிமன்றம். தலைப்பு: நகருக்கு வெளியே உள்ள தௌச்சான் போர் நினைவிடம் அந்நியர் சின்னமா, நம்மவர் சின்னமா? ‘நம்மவர் சின்னமே’ அணியின் உரை.)

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணி அண்ணன் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்: “வெள்ளைக்காரன் ராஜ்யத்தைக் காக்கச் சம்பளத்துக்குச் செத்தவர்கள். நமக்கு என்ன உறவு?” நல்ல கைதட்டல். நானும் தட்டினேன்.

அண்ணன் தௌச்சான் போயிருக்கிறாரா? கல்லறை வரிசைகளுக்கு நடுவே உயர்ந்த தூண்கள் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில், பர்மாச் சண்டையில் மாண்டு, கல்லறைகூட இல்லாமல் போன சுமார் 27,000 பேரின் பெயர் அவற்றில் இருக்கிறது. ‘சாமி’ என்றும் ‘அப்பன்’ என்றும் முடிகிற பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில் படிக்கும்போது தொண்டை அடைக்கும். வெள்ளைக்காரனின் இந்தியப் பட்டாளத்தில் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்கள் இந்தப் போரில் இருந்தார்கள். பாலம் போடுவதும் கண்ணிவெடி எடுப்பதும் அவர்கள் வேலை. பட்டாளத்தில் அவர்களைக் கூப்பிடும் பெயர் என்ன தெரியுமா? தம்பி! தம்பி இருக்கிற வீடு அண்ணனுக்கு அந்நிய வீடா?

சம்பளத்துக்குச் செத்தார்களாம். கும்பகர்ணனும் கர்ணனும் எந்தப் பக்கம் நின்றார்கள்? அதற்கு நம் பாட்டி வைத்த பெயர் செஞ்சோற்றுக் கடன். மழை பொய்த்த ஊரிலிருந்து பட்டாளத்துக்கு வந்தவனுக்கு மட்டும் அது கூலியா?

நம் நடுகற்களைப் பாருங்கள். மாடு மீட்டுச் செத்தவனுக்குக் கல் உண்டு. மாடு கவரப் போய்ச் செத்தவனுக்கும் உண்டு! எந்த அரசனுக்காக என்று பார்த்து யாரும் கல்லை மறுக்கவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், திருடர்களைக் கடித்துக் காத்து நின்ற நாய்க்கே கல். அதன் பெயர் கோவிவன். 1,400 வருடமாக அழியவில்லை. நாய்க்குப் பெயர் எழுதிய சனம், தம்பி பெயரை ‘எங்களுடையதல்ல’ என்று சொல்லலாமா?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ‘சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் மாண்டார்கள்’ என்று அங்கே ஐந்து மொழிகளில் செதுக்கியிருக்கிறது: ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குருமுகி எழுத்தில் பஞ்சாபி. தமிழ் இல்லை. அடிமை நாட்டுச் சிப்பாயிடம் சுதந்திரம் பேசுவது வேடிக்கைதான், அதை அண்ணனே சொன்னார். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் மாமன் பெயர் விட்டுப்போனால் மாமன் உறவு அற்றுப்போகுமா? சண்டை போட்டுப் பெயரைச் சேர்க்கச் சொல்வோம், பந்தலை விட்டு எழுந்து போக மாட்டோம்.

நேதாஜி படையில் நின்ற நம் பிள்ளைகளுக்கு அந்தத் தூணில் இடமில்லை. அதுவும் உண்மை. இந்த மண்ணில் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்ட இருவருமே தமிழர்களாக இருந்திருக்கலாம். இரண்டாவது கல் கேளுங்கள் அண்ணே, நானும் உங்களோடு வருகிறேன். இருக்கிற கல்லை ஏன் தள்ளுகிறீர்கள்?

மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுமுன் பியே சாலையில் ஒரு பஸ் ஏறி தௌச்சானில் இறங்குங்கள். போகும்போது ஒரு முழம் பூ வாங்கிக்கொள்ளுங்கள்.